முகத்தைப் பார்த்து எழுதியவள்

சங்கரன்கோவிலில் தறிக்கூடத்தை ஒட்டிப் பிறந்த பிள்ளையைத் தூங்கவைக்கத் தாலாட்டுப் பாட வேண்டியதில்லை. சுவிட்சைத் தட்டினால் போதும். தறி ஓடுகிறவரை பிள்ளை அசையாது. கரண்ட் போய்த் தறி நின்றதோ, சத்தத்தை நிறுத்தினது எவன் என்று கேட்கிற மாதிரி எழுந்து உட்கார்ந்து அழும். பேச்சித்தாயின் மகள் தங்கம் அப்படி வளர்ந்த பிள்ளைதான்.

பேச்சித்தாய் அந்தக் கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிற நாடாவுக்குள் வைக்கச் சின்னக் குச்சியில் நூலைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் தார். ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு அந்த வேலைக்கு உட்கார்ந்தவள். பிறகு பத்தாம் வகுப்பு எழுதினாள், வரலாறு புவியியலில் மட்டும் விழுந்தாள், அதே கூடத்தில் நெய்கிற இசக்கிப்பாண்டியைக் கட்டிக்கொண்டாள், பிள்ளை பெற்றாள். வாழ்க்கையில் இத்தனை நடந்தும் உட்கார்ந்த மூலை மட்டும் மாறவில்லை.

கூடத்துக்குள் வாயால் பேசி ஒன்றும் ஆகாது. பத்துப் பன்னிரண்டு தறி ஒரே நேரத்தில் அடிக்கும்போது, கோவில் யானை பக்கத்தில் வந்து நின்று பிளிறினாலும் கொட்டாவி விடுகிறது என்றுதான் நினைப்பார்கள். அதனால் அங்கே எல்லாருக்கும் உதடும் கையும்தான் பாஷை. கட்டைவிரலைச் சுண்டினால் தார் தீர்ந்தது. காதோரம் கையை வைத்தால் முதலாளி வருகிறார். இசக்கிப்பாண்டிக்கும் பேச்சித்தாய்க்கும் சண்டை வந்தால் ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு சத்தமே இல்லாமல் போட்டுக்கொள்வார்கள். நடுவில் நிற்கிற தறிக்காரர்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள், பந்தாட்டம் பார்க்கிற மாதிரி.

இப்படிப்பட்ட இடத்தில் பேசக் கற்ற தங்கத்துக்கு ஒரே சத்தம்தான் தெரியும். பெரிய சத்தம். கோமதியம்மன் சன்னதியில் தீபாராதனை நேரம், ஊரே கையைக் கூப்பிக் கண்ணை மூடி நிற்கையில், “எம்மா, எனக்கு ஒண்ணுக்கு வருது!” என்று அது கூப்பிட்ட கூப்பாட்டில் அர்ச்சகர் கையில் மணி ஒரு தடவை நின்று அடித்தது.

சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள் பேச்சித்தாய். பிரகாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் பிள்ளையின் முதுகுப் பக்கமாக நின்று, “ஏட்டி சின்னக்குட்டி, ஓம் பேரு என்ன?” என்று கேட்டாள். தங்கம் திரும்பவில்லை. மறுபடி கேட்டாள். அப்பவும் திரும்பவில்லை. முன்னால் வந்து குனிந்து கேட்டதும், “தங்கத்தாயீ!” என்று கோபுரப் புறா பறக்கிற மாதிரிச் சொன்னது.

“பிள்ளைக்குக் காது மந்தமோ?” என்றாள் அந்த அம்மாள், சாதாரணமாக, வெயில் ஜாஸ்தியோ என்று கேட்கிற மாதிரி.

பேச்சித்தாயின் சிரிப்பு அன்றைக்கு நின்றது. பிள்ளையைக் கூடத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமென்றால் முதலில் தான் வெளியே வர வேண்டும்.

வழி ஒன்று இருந்தது. பள்ளிக்கூடங்களில் சத்துணவு ஆரம்பித்து வருஷம் ஒன்று ஆகியிருந்த சமயம். தெருமுனைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்த பெண்ணுக்கு ராஜபாளையத்தில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. தை பிறந்தால் அந்த வேலை காலி. பக்கத்திலேயே பால்வாடி, தங்கத்தை அங்கே விடலாம். கேட்கிற படிப்பு பத்தாம் வகுப்பு பாஸ். பேச்சித்தாய்க்கும் அந்த வேலைக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு பேப்பர். வரலாறு புவியியல். ஐப்பசியில் பரீட்சை.

“படிச்சு என்னட்டி செய்யப்போற? அக்பரு வந்து சாம்பார் ஊத்தவா போறாரு?” என்றான் இசக்கிப்பாண்டி. கூடத்துக்கு வெளியிலும் அவனுக்குக் கூடத்துச் சத்தம்தான். அடுத்த வீட்டில் நாய் குரைத்தது.

“ஊத்துனா நீங்க வேண்டாம்னா சொல்லப்போறீய?”

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கைச்சாடை காட்டினான்.

*

டுட்டோரியலின் பேர் வெற்றி டுட்டோரியல். அங்கே சேர வேண்டுமென்றால் தோற்றிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். முகம்மது ஹுசைனின் சைக்கிள் கடைக்கு மாடி. கீழே பஞ்சர் ஒட்டுவார்கள், மேலே படிப்புக்கு ஒட்டுப்போடுவார்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள்.

நடத்தினவன் கோமதிநாயகம். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த பையன். பேச்சித்தாயை விட இளையவன், அதனால் அவளை ‘அக்கா’ என்பான். மீசை அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் பாடம் நடத்த ஆரம்பித்தால் பானிபட்டில் குதிரை பிடித்தவன் மாதிரி நடத்துவான். கையை வீசுவான், நடப்பான், போர்டுப் பக்கம் திரும்பி நின்று பேசுவான், சன்னலைப் பார்த்துப் பேசுவான்.

சன்னல் என்றதும் காளிராஜைச் சொல்ல வேண்டும். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவன். பகலில் வேறொரு கூடத்தில் தறி ஓட்டிவிட்டு வருகிறவன். கீழே சைக்கிள் கடையில் டியூபில் காற்றடிக்கிற சத்தம் வரும்போதெல்லாம் கோமதிநாயகம், “ஏலே காளிராஜி, சன்னலைச் சாத்துலே” என்பான். காளிராஜ் அசைய மாட்டான். “ஏலே, சாத்துலேங்கேன்!” அப்பவும் கிடையாது. மூன்றாவது தடவை கிட்டே போய் நின்று கத்தினால்தான் எழுந்து சாத்துவான். “திமிருலே ஒனக்கு. சொன்னா காதுல ஏறாது,” என்று கோமதிநாயகம் சொல்லாத நாள் இல்லை.

பெண்கள் பெஞ்சில் இரண்டே பேர். பேச்சித்தாய், அப்புறம் சைக்கிள் கடைக்காரர் மகள் ஜன்னத்துல் பிர்தௌஸ். மாடிப்படி ஏறினால் வகுப்பு என்பதால்தான் வாப்பா விட்டார். வருகைப் பதிவில் ஒரு வரிக்குள் அவள் பேர் அடங்காமல் அடுத்த ஆளின் பேரில் போய் முட்டும். மூன்று பாடத்தில் போய்விட்டதில் அவளுக்குத் துளி வருத்தம் கிடையாது. வகுப்பில் பாதி நேரம் தூங்குவாள், மீதி நேரம் அடுத்தவரைத் தூங்கவிட மாட்டாள்.

பேச்சித்தாயின் நோட்டு எழுதுகிற வேகத்தைப் பார்த்து முதல் வாரம் வகுப்பே வாயைப் பிளந்தது. வருஷக்கணக்காய்த் தார் சுற்றின விரல். கோமதிநாயகம் வாயைத் திறந்ததும் பேனா ஓடத் தொடங்கும், மூடின பிறகுதான் நிற்கும். ஒரு நாளைக்கு ஆறேழு பக்கம். “அக்காவைப் பாருங்கலே. நோட்ஸுன்னா இதுதான்,” என்று கோமதிநாயகம் பெருமையாய்ச் சொன்னான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவனும் பார்க்கவில்லை.

பார்த்தது ஜன்னத்துதான். தூங்கினதைச் சரிக்கட்ட நோட்டைக் கடன் வாங்கிப் போனவள், மறுநாள் படியேறும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“யக்கா, இதைக் கேளேன். ‘மொகலாயப் பேரரசு வீழ்ச்சியடைந்ததற்குக் காரணம். ஒன்று. ஔரங்கசீப்பின். ஏலே காளிராஜி. ஆகையால் கஜானா. சாத்துலே. எனவே மராட்டியர்கள். சாத்துலேங்கேன். வீழ்ச்சியடைந்தது.’ எக்கா, சன்னலைச் சாத்தாததுக்கா டெல்லி போச்சு?”

பேச்சித்தாயும் சிரித்தாள். சிரித்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தாள். பக்கம் பக்கமாய் அப்படித்தான் இருந்தது. தலை இருந்த இடத்தில் வால் இல்லை, வால் இருந்த இடத்தில் தலை இல்லை. ஓட்டை விழுந்த வேட்டி மாதிரி நடுநடுவே ஒன்றுமே இல்லை. எழுதும்போது எல்லாம் எழுதின மாதிரிதான் இருந்தது. நிமிர்ந்து பார்க்கையில் கேட்டது. குனிந்து அதை எழுதி முடித்து நிமிர்கையில் வாத்தியார் வேறெங்கோ போயிருந்தார். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் கெட்டிக்காரர்கள், நடுவில் விட்டதை மூளையால் நிரப்பிக்கொள்கிறார்கள், தனக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கோமதிநாயகம் வைத்த சின்னப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினெட்டு.

“நோட்டு எழுதுததுல முதல் ஆளு நீங்க. பெறவு ஏன் அக்கா இப்படி?” என்று அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அவன் வருத்தப்பட்டது அவளுக்கு மார்க்கை விட வலித்தது.

*

ஜன்னத்து ஒரு நாள் விளையாட்டை ஆரம்பித்தாள். பக்கத்தில் ஆள் இருந்தால் வாய் ஓயாது என்று கோமதிநாயகம் அவளைச் சுவரோரம் தனி ஸ்டூலில் உட்காரவைத்திருந்தான். பேசக்கூடாது என்று கட்டளை. அவளும் பேசவில்லை. சத்தத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள்: ‘சாரு மீசையில சட்னி ஒட்டியிருக்கு.’

அந்தக் கோடியில் பேச்சித்தாய் ‘பக்’கென்று சிரித்துவிட்டாள்.

ஜன்னத்துக்கு ஆச்சரியம். இன்னொன்று விட்டுப் பார்த்தாள்: ‘இன்னிக்கு எங்க வீட்ல ஆட்டுக்கால் சூப்பு.’ பேச்சித்தாய் பதிலுக்கு உதட்டாலேயே, ‘எனக்கும் கொண்டா,’ என்றாள்.

வகுப்பு முடிந்ததும் ஜன்னத்து அவளைப் படியில் மறித்தாள். “யக்கா, நான் சத்தமே விடலையே. எப்படிக் கேட்டுச்சு?”

“நீ சொன்னியே.”

“வாயைத்தான் அசைச்சேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்ல.”

“அடப் போட்டி. கேட்டுச்சு.” பேச்சித்தாய் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜன்னத்து மட்டும் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் எதையாவது யோசிக்க வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, ஆறரை மணி வகுப்பில், நடுப் பாடத்தில் கரண்ட் போயிற்று. ஆடி மாசக் காற்றுக்கு அடிக்கடி போகும். கோமதிநாயகத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. இருட்டிலேயே தொடர்ந்தான். தொடர்ந்தான் என்பது மற்றவர்களுக்குத்தான் தெரியும். பேச்சித்தாய்க்கு அவன் நிறுத்திவிட்ட மாதிரி இருந்தது. எங்கேயோ அடுத்த தெருவில் ஆள் பேசுகிற மாதிரி ஒரு முனகல். அவ்வளவுதான். கரண்ட் வரட்டும் என்று பேனாவை மூடி வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது. பக்கத்தில் பேனா ஓடுகிறதை உணர்ந்தாள். இருட்டோடு இருட்டாய் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப்போட்டிருந்த ஜன்னத்தின் முழங்கை அவள் முழங்கையில் இடித்து இடித்து நகர்ந்தது. தூங்குமூஞ்சி ஜன்னத்து, இருட்டில், எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, என்னத்த எழுதுத?”

“சாரு இம்பார்ட்டண்டு சொல்லுதாருல்லா,” என்றாள் ஜன்னத்து அவள் காதில் வாயை வைத்து.

கீழேயிருந்து முகம்மது ஹுசைன் அரிக்கேன் விளக்கோடு படியேறி வந்து மேசையில் வைத்தார். வெளிச்சம் கோமதிநாயகத்தின் முகத்தில் விழுந்தது. வெளிச்சம் வந்த அந்த நொடியில் சத்தமும் வந்தது. “…அதனால பிளாசிப் போரை மட்டும் விட்டுறாதீங்க,” என்றது முகம்.

பேச்சித்தாய் கண்ணை மூடிப் பார்த்தாள். சத்தம் போயிற்று. திறந்தாள். வந்தது. இன்னொரு தரம் மூடினாள்.

பள்ளிக்கூடத்து வரலாறு வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். மற்ற வாத்தியார்கள் எல்லாம் போர்டில் எழுதுவார்கள். அவர் ஒருத்தர்தான் சாக்பீஸைத் தொடாமல் பெஞ்சுக்கு நடுவே, பிள்ளைகளுக்கு முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே சொல்லுவார். ஏன் அந்த ஒரு பாடத்தில் மட்டும் விழுந்தோம் என்று அவளுக்கு இத்தனை வருஷம் கழித்து, சைக்கிள் கடை மாடியில், அரிக்கேன் வெளிச்சத்தில் தெரிந்தது. மூளை போதாமல் இல்லை. அவ்வளவு காலமும் கண்ணால் கேட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இசக்கிப்பாண்டியிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “இதுல என்னட்டி இருக்கு? எனக்கும் அப்படித்தான். கூடத்துல எவனுக்கு நேராக் கேக்கு?” என்றான். பிறகு அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவளுக்கு நேரே நகர்ந்து உட்கார்ந்து, வீட்டுக்குள் முதல் தடவையாய்ச் சத்தமில்லாமல், உதட்டால் மட்டும் கேட்டான்: ‘இப்ப நான் பேசுதது கேக்குதா?’

‘கேக்குது.’

‘பெறவென்ன? ஆளைப் பாத்தாப் போச்சு.’

“வெளியில சொல்லிராதீய,” என்றாள். “செவிடின்னு தெரிஞ்சா அந்த வேலையை எவன் தருவான்?”

*

பேச்சித்தாய் அழுதுகொண்டு உட்காரவில்லை. அவளுக்கு அதற்கு நேரம் கிடையாது, ஐப்பசி வந்துகொண்டிருந்தது. குனிந்தால் கேட்காது. அப்படியென்றால் வாத்தியார் பேசும்போது குனியக்கூடாது. குனியாமல் எழுத முடியாது. அப்படியென்றால் அவர் பேசும்போது எழுதக்கூடாது. இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆனால் உலகத்தில் அத்தனை பேரும் நேர்மாறாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். கோமதிநாயகம் பேசப் பேச, கண் கொட்டாமல் அவன் முகத்தையே பார்த்தாள். அவனுக்குக் கூச்சமாகி மீசையைத் துடைத்துப் பார்த்துக்கொண்டான்.

“என்னக்கா, நோட்டு எழுதலையா?”

“எழுதுவேன் சார். நீங்க தண்ணி குடிங்க.”

வாத்தியார் தண்ணீர் குடிக்கிற நேரம், போர்டு அழிக்கிற நேரம், காளிராஜைத் திட்டுகிற நேரம். அந்தச் சின்ன இடைவெளிகளில்தான் அவள் குனிந்து எழுதினாள். அந்த நேரத்துக்குள் ஒரு பாராவா எழுத முடியும்? இரண்டு சொல், மூன்று சொல். எந்தச் சொல்லைப் பிடித்தால் மற்றதெல்லாம் கூட வருமோ அந்தச் சொல். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே சொன்னதை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் எழுதாமலே தங்கிவிட்டது. தாரிலும் அப்படித்தானே. ஆசைக்கு நூலைச் சுற்றிக்கொண்டே போனால் தார் பெருத்து நாடாவுக்குள் நுழையாது. நுழைகிற அளவு எது என்று அவள் விரலுக்குத் தெரியும். இப்போது தலைக்கும் தெரிய ஆரம்பித்தது.

நோட்டும் பெரிசாகத் தோன்றியது. கூடத்துக்கு முதல் ஆளாய் வந்து தினசரி காலண்டரில் தேதி கிழிக்கிறது அவள் வேலை. கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளை. உள்ளங்கை அகலம். ஒரு பாடத்துக்கு ஒரு தாள், அதற்கு மேல் இடம் கிடையாது என்று வைத்துக்கொண்டாள். பிளாசிப் போர் ஆடி அமாவாசையின் முதுகில் போயிற்று. காரன்வாலிஸ் பிரபுவுக்கு ஒரு சுபமுகூர்த்த நாள் வாய்த்தது. ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு பெரிய பாடம் என்பதால் ஊர்ப் பெரிய திருவிழாவான ஆடித்தபசுத் தாளைக் கிழிக்கும்போதே அதற்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

பகலில் கூடத்தில் புத்தகத்தை ராட்டைக்கு முன்னால் சாய்த்து வைத்துக்கொள்வாள். ஒரு தார் நிறைகிறதுக்குள் ஒரு பாரா. தார் மாற்றுகிற கை வேலையின்போது புத்தகத்தைப் பார்க்கக்கூடாது. படித்ததை உதட்டால் சொல்ல வேண்டும். வராததை மட்டும் தாளில் குறிப்பாள். கூடத்தின் அந்தக் கோடியில் நெய்துகொண்டிருந்த இசக்கிப்பாண்டி அவள் உதட்டைப் படித்துப் படித்து, ஒரு நாள் தறிக்கு மேலே கையை ஆட்டினான். அவள் நிமிர்ந்தாள். ‘ஏட்டி, டல்ஹௌசியை விட்டுட்ட!’ என்றான். இரண்டு தறிக்கு நூல் அறுந்தது. முதலாளி யார் அந்த டல்ஹௌசி, நம்ம கூடத்தில் அப்படி ஆள் இல்லையே என்று விசாரித்தார்.

ஒரே தொல்லை, கோமதிநாயகத்தின் முதுகு. போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவான். பேச்சித்தாய் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

ஜன்னத்து அதற்கும் வழி வைத்திருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் திரும்பி நின்று பேசத் தொடங்கினதும் கையைத் தூக்கிவிடுவாள்.

“சார், ஒரு டவுட்டு.”

“என்னம்மா ஜன்னத்து?” அவன் திரும்புவான்.

“கிளைவு கல்யாணம் முடிச்சவரா சார்?”

அடுத்த நாள், “திப்பு சுல்தானு வளத்த புலிக்கு யாரு சார் கறி போடுவா?” அதற்கடுத்த நாள் கங்கையில் மீன் ருசியாயிருக்குமா என்று. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்க ஒரு கேள்வி. வகுப்பு கெக்கலி கொட்டும், கோமதிநாயகம் தலையில் அடித்துக்கொள்வான். அடித்துக்கொண்டு, திரும்பின முகத்தோடேயே அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லுவான். “ஒனக்கு வேண்டி ரெண்டு தடவ சொல்லவேண்டியிருக்கு,” என்பான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பேச்சித்தாயைப் பார்த்து உதட்டால் கேட்பாள்: ‘வந்துட்டா?’

‘வந்துட்டு.’

அந்த வருஷம் ஜன்னத்துல் பிர்தௌஸுக்கு ஊரிலேயே முட்டாள் என்று பேர் வந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

*

பரீட்சை நாளில் ஜன்னத்தின் நம்பர் வேறு ஹாலில் விழுந்தது. பேச்சித்தாயின் ஹாலில் தெரிந்த முகம் காளிராஜ் ஒருத்தன்தான், பின் வரிசையில்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுபமுகூர்த்தம் வந்திருந்தது. ஆடித்தபசும் வந்திருந்தது. கண்ணை மூடினால் தாளின் முதுகில் மூன்று சொல். மூன்று சொல்லைத் தொட்டால் கோமதிநாயகத்தின் முகம், அவன் வீசின கை, அவன் சொன்ன அத்தனையும். குனிந்து எழுதத் தொடங்கினாள். குனிந்தவள் நிமிரவில்லை. அதுதான் வினையாயிற்று.

பாதி நேரம் தாண்டியபோது ஏதோ மாறின மாதிரி இருந்தது. முன்னால் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்திருந்தன. சில பேர் மேப் தாளை எடுத்துப் புரட்டினார்கள். பேச்சித்தாய் சுற்றிப் பார்த்தாள். மேற்பார்வை பார்க்க வெளியூரிலிருந்து வந்திருந்த வாத்தியார் அவளுக்குப் பின்னால், ஹாலின் கோடியில் நின்றார். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் வாய் மூடிவிட்டது.

மேப்பைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார்? அவளுக்கு அதிக மார்க் வரவேண்டிய இடமே மேப்தான். நர்மதையைக் கண்ணைக் கட்டிவிட்டால்கூட வரைவாள். அதை ஏதோ செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது செய்யக்கூடாது என்றிருக்கிறார்கள். பக்கத்தில் கேட்டால் காப்பி என்று எழுப்பிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் போன தடவை மாதிரி இந்தத் தடவையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எழுந்து கேட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துபோகும். தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கும் தெரிந்துபோகும்.

தங்கம் பிரகாரத்தில் திரும்பாமல் நின்றது கண்ணுக்கு வந்தது.

எழுந்தாள்.

“சார்! எனக்குக் காது மந்தம்! முகத்தைப் பாத்துச் சொன்னாத்தான் கேக்கும்! மறுபடி சொல்லுங்க சார்!”

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். வந்தது கூடத்துச் சத்தம். ஹாலில் இரண்டு பேர் பேனாவைத் தவறவிட்டார்கள். வராந்தாவில் பியூன் எட்டிப் பார்த்தார்.

அந்த வாத்தியார் திடுக்கிட்டு நின்றார். பிறகு நடந்து வந்தார். அவள் பெஞ்சுக்கு முன்னால் வந்து, கொஞ்சம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னார்: “மேப்பைத் தனியா வைக்கக்கூடாதும்மா. நம்பர் எழுதி, விடைத்தாளோட கடைசியில சேத்துக் கட்டணும். நம்பர் இல்லாத மேப்புக்கு மார்க்கு கிடையாது. சரியா?”

“சரி சார்.”

அவள் உட்காரப்போகையில் பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டதை அவள் கேட்கவில்லை. வாத்தியாரின் கண் அங்கே போனதால் திரும்பிப் பார்த்தாள். காளிராஜ் நின்றுகொண்டிருந்தான். காது மடல் வரை சிவந்து போய்.

“எனக்கும் சார்,” என்றான். “நானும் தறிதான். எனக்கும் கேக்கல.”

அவனுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி இன்னொருவன் எழுந்தான். சுவரோரமாய் ஒரு பிள்ளை. அந்த வாத்தியார் ஒவ்வொருத்தர் முன்னாலும் போய்க் குனிந்து நின்று அதையே சொன்னார். அலுத்துக்கொள்ளவில்லை. பேச்சித்தாய் மேப்பின் மேல் நம்பரை எழுதினாள். அவசரத்தில் ஒரு எண் கோணிக்கொண்டது. அதைத் திருத்தி எழுதினாள்.

வெளியே வந்ததும் காளிராஜ் அவளை வழிமறித்தான். கூச்சத்தில் எங்கே பார்க்கிறதென்று தெரியாமல் தரையைப் பார்த்துப் பேசினான்.

“ஏலே, என் மூஞ்சியப் பாத்துப் பேசு.”

“யக்கா, சாரு சன்னலைச் சாத்தச் சொல்லுவாருல்லா. மொத ரெண்டு தடவ நெசமாவே கேக்காது. திமிருன்னு நெனைச்சுக்கிட்டாரு. திமிருன்னே இருந்துட்டுப் போட்டும்னு நானும் விட்டுட்டேன். செவிடங்கிறதுக்கு அது தேவலைல்லா.”

பேச்சித்தாய் ஹால் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்த பையிலிருந்து காலண்டர் தாள் கட்டை எடுத்து, ரப்பர் வளையத்தோடு அவன் கையில் வைத்தாள். அடுத்த தடவைக்கு ஆகும் என்று சொல்ல நினைத்தாள்; அவன் ஜெயிக்க வேண்டிய நேரத்தில் அது அபசகுனமாகப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டு மறுநாள் கோமதிநாயகம் வகுப்பில் வெகுநேரம் போர்டைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவன் போர்டைப் பார்த்துப் பேசவில்லை; எழுதி முடித்து, திரும்பி, அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

ரிசல்ட் வந்த அன்று ஜன்னத்துதான் பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து பேப்பரோடு கூடத்துக்கு ஓடி வந்தாள். வாசலில் நின்று கத்தினாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. யாருக்குக் கேட்கும்? அப்புறம் நினைவு வந்து, கத்துவதை நிறுத்திவிட்டு, பேச்சித்தாய் நிமிரும்வரை காத்திருந்து, உதட்டை மட்டும் அசைத்தாள். கூடத்தில் இருந்த அத்தனை தறிக்காரர்களும் அதைக் கேட்டார்கள். இசக்கிப்பாண்டி தறியை நிறுத்தினான். பக்கத்துத் தறி நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. மூலையில் தூங்கிக்கொண்டிருந்த தங்கம் விழித்துக்கொண்டு அழத் தொடங்கியது.

ஜன்னத்துக்கு ஒரு பாடம் போயிற்று. வரலாற்றில் அவள் வாங்கின மார்க்கைப் பார்த்து வாப்பாவே நம்பவில்லை. காளிராஜும் தேறிவிட்டான். தாள் கட்டை அவன் திருப்பித் தரவேயில்லை.

வேலைக்குக் கூப்பிட்ட இடத்தில் பேச்சித்தாய் நாற்காலியை இழுத்து அதிகாரிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்து, காது விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டாள். “இருநூறு பிள்ளைக சத்தத்துக்கு நடுவுல வேலை. உமக்கு அது ஒரு வகையில நல்லதுதாம்மா,” என்று அவர் சிரித்தார். தை மாசம் அவள் கையில் சாவி வந்தது.

சாப்பாட்டு வரிசையை அவள் கைச்சாடையால் நடத்துவதை வேடிக்கை பார்க்கவே தெருவில் ஆள் நின்றது. கட்டைவிரலைச் சுண்டினால் தட்டு ஏந்து. உள்ளங்கையைக் கவிழ்த்தால் உட்கார். பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். முன்னால் இருக்கிற பிள்ளையின் கண்ணைப் பார்த்தே பின்னால் யார் யாரைக் கிள்ளினான் என்று சொல்லிவிடுவாள்.

தங்கம் பால்வாடியில் சேர்ந்த சில மாசத்தில், ஒரு மத்தியானம், அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. பேச்சித்தாய் முட்டைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்று சேலை ஆடுகிறதில்தான் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு நிமிஷம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிள்ளை மெதுவாகப் பேசுகிறது. மற்ற பிள்ளைகளைப் போல, வீட்டுக்குள் பேசுகிற சத்தத்தில்.

பேனாவைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்து பிள்ளையின் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிக்கொண்டாள்.

“இப்பச் சொல்லு மக்கா,” என்றாள்.